யாருடைய முகம்?

ஆய் அண்டிரன் மறுமைப் பயன் கருதி அறம் விற்கும் வணிகனல்லன் என்று பாடினார் முடமோசியார். அப்புறப்பாடலை நடத்தும்போதெல்லாம் ஹாலிவுட் நடிகர் பால் நியூமனை எதிர்ச்சான்றாகக் காட்டுவேன். 1982இல் அவர் தொடங்கிய உணவு நிறுவனம் லாபம் முழுவதையும் அறப்பணிகளுக்கே அளித்தது. 1988இல் நோயுற்ற குழந்தைகளுக்கென முகாம் ஒன்றையும் நிறுவினார். ஆனால் புட்டிதோறும் அவர் முகம்!

சில ஆண்டுகளுக்கு முன் மாணவனொருவனுக்குத் தேர்வுக் கட்டணம் கட்டினேன். ஆசிரியர் அறையில் அதைத் தற்செயல்போலச் சொல்லியும் வைத்தேன். செய்தி அவன் காதை எட்டியது. அதன்பின் அவன் என்னை நிமிர்ந்து பார்க்கவேயில்லை.

கொடுப்பவர் நெஞ்சை யார் அளந்தார்? நியூமன் கடைத்தட்டில் வைத்தது தம் முகத்தை. நான் வைத்ததோ அந்த மாணவனின் முகத்தை. இப்போது அப்பாடலை நடத்துகையில் நியூமனின் பெயரை நான் எடுப்பதில்லை.