பத்து முகம் கொண்ட அப்பாவின் மகள்

எழுத்தாளர் வீட்டில் பிறக்கிற பிள்ளை என்னவாகும்? "அப்பா மாதிரியே எழுதும்" என்று ஊரார் பட்டென்று சொல்லிவிடுவார்கள். டாக்டர் பிள்ளை டாக்டர், வக்கீல் பிள்ளை வக்கீல், மளிகைக்கடைக்காரர் பிள்ளை கல்லாவில். அந்தக் கணக்கில்தான் இதுவும்.

ஆனால் பேனா கல்லாப்பெட்டி மாதிரி இல்லையே! பி.காம். படிக்கிறவர்களுக்கு 'நற்பெயர்' பாடம் ஞாபகம் இருக்கும். அது புலனாகாச் சொத்து. கையால் தொட முடியாது, கடையை விட்டுத் தனியாகப் பிரித்து விற்கவும் முடியாது. ஒரு நாவலாசிரியர் பிள்ளைகளுக்கு விட்டுப்போவது பெரும்பாலும் அந்த ஒன்றைத்தான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது பிள்ளைகளின் தலைவலி.

கடலூர், சிதம்பரம் பக்கத்தில் எழுத்தாளர்களுக்குப் பஞ்சமே இல்லை. மஞ்சக்குப்பத்தில் 1934-ல் பிறந்தவர் ஜெயகாந்தன். 2002-ஆம் ஆண்டுக்கான ஞானபீடம் வாங்கியவர். திருப்பாதிரிப்புலியூரில் 1906-ல் பிறந்தவர் புதுமைப்பித்தன். சிதம்பரத்தில் நெடுங்காலம் வாழ்ந்தவர் மௌனி. மூன்று பேருமே மனித மனசைக் குடைந்து குடைந்து பார்த்தவர்கள். ஜெயகாந்தனின் 'ரிஷிமூலம்' பற்றிக் கிளம்பிய சண்டையே, மனசின் அடியில் கிடப்பதையெல்லாம் இப்படி வெளியே எடுத்துப் போடலாமா என்பதுதான்.

நாவலாசிரியரும் உளவியலாளரும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைக்கிறவர்கள் என்று இதனால் தோன்றும். சரி, ஒரே வீட்டில் அப்பா நாவலாசிரியர், மகள் உளவியலாளர் என்றால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு வீடு நிஜமாகவே இருந்தது. நம்ம வங்கக்கடல் கரையில் அல்ல, அந்தப் பக்கம் அரபிக்கடல் கரையில். அப்பா, கன்னட நாவலாசிரியர் கோட்டா சிவராம காரந்த். மகள், டாக்டர் மாளவிகா கபூர்.

முதலில் அப்பா. காரந்த் 1902-ல் உடுப்பி பக்கத்தில் கோட்டா என்ற கிராமத்தில் பிறந்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள். 'சோமன துடி' 1933-ல் வந்தது. அது சினிமாவாகி 1975-ல் தேசிய விருதும் வாங்கியது. 'மூகஜ்ஜிய கனசுகளு' நாவலுக்காக 1977-ல் ஞானபீடம். நாவலோடு நின்றாரா? யட்சகானம், நாடகம், அறிவியல் கட்டுரை, சுற்றுச்சூழல் போராட்டம் என்று எல்லாவற்றிலும் கை வைத்தார். அரசு கொடுத்த பத்மபூஷண் பட்டத்தை நெருக்கடி நிலையைக் கண்டித்துத் திருப்பிக் கொடுத்தார். அவருடைய சுயசரிதையின் தலைப்பைத் தமிழில் சொன்னால் 'பைத்தியக்கார மனதின் பத்து முகங்கள்' என்று வரும். தன் மனசையே பைத்தியக்கார மனசு என்று அட்டையில் அச்சடித்தவரின் மகள்தான் மனசைப் படிக்கப் போனார்! இதை யாராவது கதையில் எழுதினால் "ரொம்ப செயற்கையா இருக்கே" என்று சொல்லிவிடுவோம்.

காரந்தின் திருமணமும் கதை மாதிரிதான். அவர் பிராமணர். மனைவி லீலா ஆள்வா, பண்ட் சமூகத்துப் பெண். 1936-ல் கல்யாணம். அந்தக் காலத்தில், அந்தக் கடற்கரையில், இப்படி ஒரு கல்யாணம் என்றால் ஊர் சும்மா இருக்குமா? கேலி, பேச்சு எல்லாம் இருந்தது. இருவரும் புத்தூரில் குடியிருந்தார்கள். ஹர்ஷா, மாளவிகா, உல்லாஸ், க்ஷமா என்று நான்கு பிள்ளைகள்.

புத்தூரில் காரந்த் குழந்தைகளுக்காக 'பாலவன' என்ற இடத்தை நடத்தினார். பாடப்புத்தகத்தை மனப்பாடம் செய்யவைக்கும் கல்வி மேல் அவருக்குத் தீராத கோபம். நாடகம், ஆட்டம், இயற்கை, இவற்றின் வழியாகக் குழந்தை தானே கற்றுக்கொள்ளும் என்று நம்பினார். குழந்தைகளுக்கென்றே 'பால பிரபஞ்ச' என்ற கலைக்களஞ்சியத்தைத் தனியொரு ஆளாக எழுதினார். தன் பிள்ளைகளையும் ஆரம்பத்தில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வளரவிட்டார். இந்தக் காலத்தில் எல்.கே.ஜி. சீட்டுக்காக விடியற்காலையில் வரிசையில் நிற்கிற அப்பாக்கள் இதைக் கேட்டால் மயங்கி விழுவார்கள்.

இப்படி வளர்ந்த மாளவிகா, பெங்களூர் நிம்ஹான்ஸில் மருத்துவ உளவியல் பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் ஆனார். இங்கே ஒரு சின்ன விளக்கம் தேவை, ஏனென்றால் நிறையப் பேருக்கு இதில் குழப்பம் உண்டு. மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுதுவதில்லை. பேச்சு, சோதனைகள், பயிற்சி, இவைதான் அவருடைய கருவிகள். மாளவிகா இரண்டாவது வகை. அவருடைய கணவர் ஆர்.எல். கபூர் முதல் வகை. அவரும் நிம்ஹான்ஸில் துறைத் தலைவராக இருந்தவர், 2006-ல் காலமானார்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

ஆர்.எல். கபூரும், எடின்பரோவில் பேராசிரியராக இருந்த மாரிஸ் கார்ஸ்டேர்ஸும் சேர்ந்து ஒரு இந்தியக் கிராமத்தில் மனநலம் பற்றி ஆய்வு செய்தார்கள். 1976-ல் அது புத்தகமாக வந்தது. பெயர் 'தி கிரேட் யுனிவர்ஸ் ஆஃப் கோட்டா'. ஆமாம், அதே கோட்டா! காரந்தின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கிற அதே ஊர். ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது மூன்று சமூகங்களை: பிராமணர்கள், பண்ட்டுகள், மொகேரர் என்கிற மீனவர்கள். முதல் இரண்டும் யாருடைய சமூகங்கள் என்று கவனியுங்கள். ஒன்று மாளவிகாவின் அப்பா பிறந்தது, இன்னொன்று அம்மா பிறந்தது.

ஏன் இந்த மூன்று? அங்கேதான் ஒரு பெரிய மாற்றம் நடந்துகொண்டிருந்தது. பிராமணர்களுக்குச் சொத்து அப்பா வழி. பண்ட்டுகளுக்கும் மொகேரர்களுக்கும் பழைய வழக்கப்படி தாய் வழி. மாமன் சொத்து மருமகனுக்கு. இதற்கு 'அளியசந்தான' முறை என்று பெயர். காலம் மாற மாற அது தந்தை வழிக்கு நகர ஆரம்பித்தது. 1949-ல் இதற்காகவே சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் வந்தது. 'சென்னைக்கும் கோட்டாவுக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கலாம். 1956 வரை அந்தத் தென் கன்னட மாவட்டம் சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடும் கோட்டா இருந்த தென் கன்னடமும் ஒரே அரசாங்கத்துக்கு வரி கட்டிய ஊர்கள்!

சொத்து யாருக்கு என்பது மாறினால் வீட்டுக்குள் யார் பெரியவர் என்பதும் மாறும். மாமனுக்கு இருந்த மரியாதை, அக்காவுக்கு இருந்த சொல், புருஷனுக்கு இருந்த இடம் எல்லாம் ஆட்டம் காணும். அந்த ஆட்டம் மனசை எப்படிப் பாதிக்கிறது என்பதுதான் ஆய்வின் கேள்வி. வணிகவியல் படிக்கிறவர்கள் வாரிசுச் சட்டத்தை மதிப்பெண்ணுக்காக உருப்போடுவார்கள். அதே சட்டம் ஒருவரின் தூக்கத்தைக் கெடுக்கும் என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்வதில்லை.

சரி, மனசைப் பற்றிக் கிராமத்தாரிடம் எப்படிக் கேட்பது? வீடு வீடாகப் போய் "உங்களுக்கு மனச்சோர்வு இருக்கா?" என்றால் துரத்தி விடுவார்கள். நம் கிராமங்களில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? "நெஞ்சு அடைக்குது", "உடம்பெல்லாம் எரியுது", "யாரோ செய்வினை வச்சுட்டாங்க" என்றுதான் சொல்வார்கள். வெளிநாட்டுக் கேள்வித்தாள் இங்கே உதவாது. அதனால் இந்தியச் சூழலுக்கென்றே ஒரு கேள்வி அட்டவணையை உருவாக்கினார்கள். 124 அறிகுறிகளைப் பற்றி, படிப்படியாக விசாரிக்கும் முறை. 1974-ல் அது வெளியானபோது அதில் மூன்று பெயர்கள் இருந்தன: ஆர்.எல். கபூர், மாளவிகா கபூர், கார்ஸ்டேர்ஸ்.

அப்பா அதே கரையோர மனிதர்களின் வாயிலிருந்து வந்த சொற்களை வைத்து நாவல் எழுதினார். மகள் அதே மாதிரியான சொற்களை வைத்துக் கேள்வித்தாள் தயாரிப்பதில் பங்கெடுத்தார். இரண்டுக்கும் முதலில் தேவைப்பட்டது ஒன்றுதான்: எதிரில் இருப்பவர் பேசும்போது குறுக்கே பேசாமல் கேட்பது. காரந்த் எந்த இலக்கியப் பரிசை விடவும் மதிப்பான ஒன்றை மகளுக்குக் கொடுத்தார் என்றால் அது அந்தக் காதுதான் என்று தோன்றுகிறது. (இதற்கு ஆதாரம் கேட்காதீர்கள். ஊகம்தான்!)

கோட்டாவில் தெரியவந்த இன்னொரு விஷயம் கடலூர்க்காரர்களுக்கு ஆச்சரியமாகவே இருக்காது. அந்த ஊரில் வைத்தியர்கள் இருந்தார்கள், மந்திரவாதிகள் இருந்தார்கள், ஆவி இறங்கிக் குறி சொல்லும் 'பாத்ரி'களும் இருந்தார்கள். 'காந்தாரா' படம் பார்த்தவர்களுக்கு அந்த உலகம் ஓரளவு புரியும். மனசு சரியில்லாதவர்கள் இவர்களிடமும் போனார்கள், ஆங்கில மருத்துவரிடமும் போனார்கள். ஒன்றை நம்பினால் மற்றதை விட்டுவிட வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. இங்கே மட்டும் என்ன வாழ்கிறதாம்? கையில் தாயத்து, நெற்றியில் மந்திரித்த விபூதி, பையில் ஜிப்மர் சீட்டு, மூன்றோடும் புதுச்சேரி பஸ் ஏறுகிறவர்களை கடலூர் பேருந்து நிலையத்தில் பார்க்கலாம். அவர்களை மூடர்கள் என்று திட்டிவிட்டுப் போவது சுலபம். கபூர் அப்படிச் செய்யவில்லை. மக்கள் ஏற்கனவே யாரிடம் போகிறார்கள் என்று தெரியாமல் கிராமத்துக்கு மனநலத் திட்டம் போடாதீர்கள் என்பதுதான் அவர் வாதம்.

மாளவிகாவின் சொந்தப் பாதை குழந்தைகள் பக்கம் திரும்பியது. 1970-களின் கடைசியிலேயே பள்ளி ஆசிரியர்களுக்கு ஆலோசனைப் பயிற்சி கொடுத்து, அது பயன்பட்டதா என்று அளந்தும் பார்த்தார். யோசித்துப் பார்த்தால் கணக்கு எளிது. இத்தனை கோடிக் குழந்தைகள் உள்ள நாட்டில் உளவியலாளர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். ஆனால் ஆசிரியர் இல்லாத பள்ளி இல்லை. வகுப்பில் எந்நேரமும் கடைசி பெஞ்சில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருக்கும் பையன் சோம்பேறியா, படிக்கத் திணறுகிறானா, வீட்டில் அடி வாங்கி வந்திருக்கிறானா என்று முதலில் கண்டுபிடிக்கக்கூடியவர் அந்த ஆசிரியர்தானே? 1995-ல் இந்தியக் குழந்தைகளின் மனநலம் பற்றியும், 1997-ல் இந்தியப் பள்ளிகளின் மனநலம் பற்றியும் புத்தகம் எழுதினார். பிறகு ஒரு புத்தகத்துக்கு 'குழந்தைகளுக்கு என்ன கற்பிக்க வேண்டும் என்பதைக் குழந்தைகளிடமிருந்தே கற்பது' என்ற பொருளில் தலைப்பு வைத்தார். அது அப்படியே பாலவனக் குரல்! அப்பா உள்ளுணர்வால் செய்ததை மகள் ஆய்வாகச் செய்திருக்கிறார்.

இதையெல்லாம் படித்துவிட்டு, என்ன அருமையான குடும்பம் என்று பெருமூச்சு விட்டுவிட வேண்டாம். மூத்த மகன் ஹர்ஷா இளவயதிலேயே இறந்துபோனார். குடும்பம் 1974-ல் கோட்டாவுக்குப் பக்கத்தில் உள்ள சாலிகிராமத்துக்குக் குடிபெயர்ந்தது. லீலா மனச்சோர்வாலும், இல்லாதவை கண்ணுக்குத் தெரிவது போன்ற தொல்லைகளாலும் அவதிப்பட்டு 1986-ல் காலமானார். மகள் நாட்டின் பெரிய மனநல நிறுவனத்தில் பேராசிரியர். மருமகன் பேர்பெற்ற மனநல மருத்துவர். அப்படியும் அந்த வீட்டுக்கு வர வேண்டியது வந்தது. சர்க்கரை நோய் டாக்டர் வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் யாரும் வியப்பதில்லை. மனநோய் என்றால் மட்டும் "என்னத்தைப் படிச்சுக் கிழிச்சாங்க" என்று கேட்க நாக்கு துடிக்கிறது.

காரந்த் 1997 டிசம்பரில், 95 வயதில் காலமானார். 2021-ல் 'குரோயிங் அப் காரந்த்' என்ற புத்தகம் வந்தது. புலி ஆராய்ச்சியாளராகப் பெயர் வாங்கிய உல்லாஸ், மாளவிகா, க்ஷமா மூவரும் சேர்ந்து எழுதியது. நாவலாசிரியரின் பிள்ளைகளில் ஒருவர் காட்டுக்குப் போனார், ஒருவர் மனசுக்குள் போனார். கடைசியில் அப்பாவைப் பற்றி எழுத மூவரும் ஒரே மேசைக்கு வந்தார்கள்.

தமிழில் காரந்தைப் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு தி.ப. சித்தலிங்கையா மொழிபெயர்த்த 'மண்ணும் மனிதரும்', 'அழிந்த பிறகு' இரண்டும் இருக்கின்றன. 'மண்ணும் மனிதரும்' கோட்டா பக்கத்துக் கடற்கரைக் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைக் கதை. தடிமனான புத்தகம்தான். செமஸ்டர் லீவில் ஆரம்பியுங்கள்.