கிருமிக்கு ரெண்டு நாள் சாப்பாடு

லேபில் எங்களிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, 'சாயங்காலமே ரிசல்ட் கிடைச்சுடுமா ஸார்?' என்பதுதான். சர்க்கரைக்குக் கொடுத்த ரத்தம் என்றால் கிடைத்துவிடும். கல்ச்சர் என்றால் குறைந்தது ரெண்டு நாள். ரத்தக் கல்ச்சருக்கு ஐந்து நாள்கூட ஆகலாம். உடனே முகம் சுளிப்பார்கள்.

தாமதம் எங்களுடையது அல்ல, கிருமியுடையது. கண்ணுக்கே தெரியாத ஆசாமி கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குக் குடும்பம் பெருக்க வேண்டாமா? நல்ல சாப்பாடும் 37 டிகிரி கதகதப்பும் கிடைத்தால், ஈ.கோலை 20 நிமிஷத்துக்கு ஒரு தரம் ரெண்டாகப் பிரியும். அப்படியும் அது குண்டூசித் தலை அளவுக்கு ஒரு புள்ளியாகத் தெரிய ஒரு ராத்திரி ஆகிவிடும். அந்தப் புள்ளிக்குக் காலனி என்று பெயர். ஒரே வம்சம், லட்சக்கணக்கில் ஜனத்தொகை, வாடகை கிடையாது!

சாப்பாடு என்றேனே, அதைத்தான் மீடியா என்கிறோம். கடல்பாசியிலிருந்து எடுக்கும் அகாரில் சத்துக்களைக் கலந்து வட்டத் தட்டில் ஊற்றி உறைய வைப்போம். இந்த யோசனை பிறந்த இடம் சமையலறை. 1881-ல் ஜெர்மனியில் ராபர்ட் காக்கின் லேபில் வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸேவுக்கு ஒரே தலைவலி; கிருமி வளர்க்கும் ஜெலட்டின் சூட்டில் உருகி வழிந்தது. தான் ஜெல்லி செய்யப் போடும் அகாரைப் போட்டுப் பார்க்கச் சொன்னவர் அவருடைய மனைவி ஃபேன்னி. இன்றுவரை உலகம் பூராவும் அதுதான்.

மேன்ஷன்வாசிகளுக்குத் தெரியும், ஒருத்தன் மெஸ்ஸில் என்ன சாப்பிடுகிறான், எதை ஒதுக்குகிறான் என்று கவனித்தாலே பாதி ஜாதகம் தெரிந்துவிடும். கிருமிக்கும் அதே கதைதான். மெக்கான்க்கி என்ற தட்டில் பால் சர்க்கரை இருக்கும். அதைச் சாப்பிடும் ஈ.கோலையும் க்ளெப்சியெல்லாவும் ரோஸ் நிறமாகும். டைஃபாய்டு கிருமி அதைத் தொடாது, நிறமில்லாமல் நிற்கும்.

அடுத்து விசாரணை. 1884-ல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் கண்டுபிடித்த சாயத்தைப் போட்டால் சில கிருமிகள் ஊதா, சில சிவப்பு. ஊதாவாக உருண்டையாக இருந்தால் ஒரு சொட்டு ஹைட்ரஜன் பெராக்ஸைடு. சோடா மாதிரி பொங்கினால் ஸ்டஃபைலோகாக்கஸ், சும்மா இருந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பக்கம் தேட வேண்டும். ஈ.கோலையா, க்ளெப்சியெல்லாவா என்று சந்தேகமா? இண்டோல் டெஸ்ட். டியூபில் சிவப்பு வளையம் வந்தால் பெரும்பாலும் ஈ.கோலைதான். பெரிய ஆஸ்பத்திரிகளில் நிமிஷத்தில் பெயர் சொல்லும் மெஷின் வந்துவிட்டது. அதற்கும் பெரும்பாலும் முதலில் தட்டில் வளர்த்துத்தான் கொடுக்க வேண்டும்!

கடைசியில் மருந்து தடவிய காகித வில்லைகளைத் தட்டில் வைப்போம். வில்லையைச் சுற்றி நல்ல அகலத்துக்கு வெறுமையாக இருந்தால் மருந்து கேட்கும். ஒட்டியே முளைத்திருந்தால் அந்த மருந்து காசுக்குக் கேடு.

எதிர்வீட்டுப் பையனுக்கு ஐந்து நாள் காய்ச்சல். ஆபீஸில் லீவு இல்லை. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஆன்டிபயாடிக் நாலு விழுங்கிவிட்டு, அப்புறம் ரத்தம் கொடுத்தான். எதுவும் முளைக்கவில்லை.

"தட்டுல ஒண்ணும் வரலியேண்ணா, அப்ப எனக்கு ஒண்ணுமில்லதானே?" என்றான்.

கிருமி உள்ளேதான் இருந்தது. மாத்திரை அதைக் கொல்லவும் இல்லை, வளர்ந்து சாட்சி சொல்ல விடவும் இல்லை. அடுத்த வாரம் காய்ச்சல் திரும்பி வந்தது. இந்தத் தடவை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுத்தோம். டைஃபாய்டு. பத்து நாள் ஆஸ்பத்திரி வாசம். அவன் அம்மா வராந்தாவிலேயே படுத்துக் கிடந்தார்.

2019-ல் மட்டும், மருந்துக்கு மசியாத பாக்டீரியாவால் நேரடியாக இறந்தவர்கள் உலகத்தில் சுமார் 12.7 லட்சம் பேர் என்று ஒரு மதிப்பீடு. நாலு மாத்திரை விழுங்கி நிறுத்துகிற ஒவ்வொரு தடவையும் கிருமிக்கு நாம் டியூஷன் எடுக்கிறோம்.

அதற்காக ரிசல்ட் வரும்வரை மருந்தே வேண்டாம் என்று அடம்பிடிக்காதீர்கள். ஆபத்தான காய்ச்சலில் டாக்டர் உடனே ஆரம்பிப்பார், ஆரம்பிக்கத்தான் வேண்டும். முடிந்தவரை முதலில் சாம்பிள், அடுத்த நிமிஷம் மருந்து. வரிசை மாறக்கூடாது, அவ்வளவுதான்.

பையன் இப்போது நன்றாக இருக்கிறான். ஆபீஸில் யாராவது தும்மினாலே, "கல்ச்சர் குடுத்தியா?" என்று மிரட்டுகிறானாம். தும்மலுக்கெல்லாம் அது வேண்டாமடா என்று இனிமேல்தான் சொல்ல வேண்டும்.