காலிக் கட்டம் சொல்லும் சேதி



டேட்டாபேஸ் என்றதும் 'பரீட்சைக்கு முதல் நாள் பார்த்துக்கலாம்' என்பவர்களா நீங்கள்? நம்ம ராமேஸ்வரம் கரையில் நிற்கிற படகுகளை வைத்தே அதில் பாதியைப் படித்துவிடலாம்.

எந்தப் படகானாலும் உரிமையாளர், ஊர், நீளம், பதிவு எண் உண்டு. விசைப்படகு என்றால் எஞ்சின் நம்பர், குதிரைத்திறன் கூடுதலாக வேண்டும். பாய் விரித்து ஓடும் வத்தைக்கு எஞ்சினே கிடையாது. எல்லாவற்றையும் ஒரே டேபிளில் போட்டால் வத்தைக்கு எஞ்சின் கட்டமெல்லாம் 'நல்'.

எங்கப்பா வத்தைக்காரர். ஒரு முறை அவர் கொடுத்த விண்ணப்பம், எஞ்சின் நம்பர் காலி என்று திரும்பி வந்தது. "இல்லாததை எப்படிடா எழுதுறது?" என்றார். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். அந்தக் கேள்விக்குப் பதில் என் பாடத்திலேயே இருந்தது.

'இல்லை' வேறு, 'தெரியவில்லை' வேறு. 1970-ல் ரிலேஷனல் மாடலைத் தந்த எட்கர் காட், 1990-ல் வெளியிட்ட புத்தகத்தில் இரண்டுக்கும் தனித்தனிக் குறி வேண்டும் என்றார். எஸ்க்யூஎல்லிலோ இரண்டுக்கும் ஒரே நல்தான்! 2017 முதல் நம் கரையில் ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும், வத்தை கடலுக்குப் போகும். வகை தெரியாவிட்டால் எத்தனை குழப்பம்!

வழி என்ன? ஜாவாவில் படித்த இன்ஹெரிடன்ஸ்தான். பொது விவரமும் வகையும் 'படகு' என்ற தாய் டேபிளில். எஞ்சின் விவரம் பிள்ளை டேபிளில். அங்கே எல்லாக் காலமும் 'நாட் நல்'. இரண்டையும் படகு ஐடி இணைக்கும். பிள்ளைக்கு அதுவே பிரைமரி கீ, அதுவே ஃபாரின் கீ. நாளைக்கு வத்தையில் மோட்டார் ஏறினால் வகையை மாற்றி, பிள்ளை டேபிளில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் 'இன்ஹெரிட்ஸ்' என்றே ஒரு வசதி உண்டு. ஆனால் தாயின் பிரைமரி கீ பிள்ளையைக் கட்டுப்படுத்தாது. ஒரே ஐடி இரண்டிலும் நுழைந்துவிடும். கவனம்! கூடுதல் காலம் ஒன்றிரண்டுதான் என்றால் வகைக் காலத்தோடு ஒரே டேபிளே போதும். ஜாயின் வேலை மிச்சம்.

நாளை நாம்தான் டேபிள் போடப் போகிறோம். நண்பர்களே, 'கட்டாயம்' என்று ஒரு காலத்தைக் குறிக்கும்முன், அது இல்லாதவர் யார் என்று ஒரு நிமிஷம் யோசிப்போமா?