பதக்கப் பைத்தியம்

ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு பைத்தியம் உண்டு. எனக்கு வாய்த்தது பழைய பட்டாளத்துப் பதக்கங்கள். வாளும் கட்டாரியும் சேகரிக்கிற பெரிய மனிதர்களும் இருக்கிறார்கள். அதற்கு இடமும் வேண்டும், பணமும் வேண்டும், போலீஸாரின் தயவும் வேண்டும். பதக்கம் அப்படியல்ல. ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் நாலு யுத்தங்களை அடக்கிவிடலாம். "பித்தளையையும் ஈயத்தையும் காசு கொடுத்து வாங்குகிறவர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான்" என்பாள் என் மனைவி. மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோகும் வரையில் அவள் கட்சிக்கு அங்கே நிறையச் சாட்சிகள் கிடைத்திருக்கும்.

நான் குடியிருக்கும் பூந்தமல்லியை ஜனங்கள் திருக்கச்சி நம்பிகள் அவதரித்த ஊர் என்று அறிவார்கள். கும்பெனியாரும், பிறகு ராணியின் சர்க்காரும் இங்கே பட்டாளத்தை வைத்திருந்தார்கள் என்பதற்குக் கன்டோன்மெண்ட் என்ற பெயர் மாத்திரம் மிச்சம். ஆகவே என் பைத்தியத்துக்கு ஊரும் கொஞ்சம் பொறுப்பு.

பதக்கத்தைக் கையில் எடுத்தவுடன் எல்லோரும் ராஜாவின் முகத்தைப் பார்ப்பார்கள். அதில் ஒன்றுமில்லை. லட்சக்கணக்கான பதக்கங்களில் அதே முகந்தான். பார்க்க வேண்டியது விளிம்பை. காசை நிறுத்தி உருட்டினால் தரையில் படுமே, அந்த இடத்தை. பட்டாளத்து எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் அங்கேதான் பொடி எழுத்தில் இருக்கும். 1815-இல் நடந்த வாட்டர்லூ யுத்தத்துக்கு அடித்த பதக்கத்தில்தான் இயந்திரத்தைக் கொண்டு ஒவ்வொருவன் பெயரையும் விளிம்பில் பதிக்க ஆரம்பித்தார்கள். ஜெனரலுக்கும் சிப்பாய்க்கும் அதில் ஒரே வெள்ளி.

அதற்கு முன் நம் பக்கத்தில் நடந்த கதை வேறு. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததற்குக் கும்பெனியார் பர்மிங்ஹாமில் ஒரு பதக்கம் அடிக்கச் சொன்னார்கள். ஒரு பக்கம் பிரிட்டிஷ் சிங்கம் திப்புவின் புலியைக் கீழே தள்ளி மிதிக்கிறது. மறுபக்கம் கோட்டைச் சுவரின் உடைப்பில் பட்டாளம் ஏறுகிறது. தளபதிகளுக்குத் தங்கத்தில், அடுத்த படிக்குத் தங்க முலாம் பூசிய வெள்ளியில், அதற்கும் கீழே வெள்ளி, வெண்கலம் என்று இறங்கி, அந்த உடைப்பில் ஏறிய சாதாரணச் சிப்பாய்க்கு வரும்போது வெள்ளீயமாகிவிட்டது! விளிம்பில் பெயரும் கிடையாது. யார் வாங்கினான், யார் செத்தான் என்று அந்தப் பதக்கத்தைக் கேட்டால் அது சொல்லாது.

சில வருஷங்களுக்கு முன் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பாட்டியம்மாள் பேரனையும் அழைத்துக்கொண்டு வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பதக்கத்தை மேஜைமேல் வைத்தாள். 1914-18 யுத்தத்துக்கான பிரிட்டிஷ் பதக்கம். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ். மறுபக்கம் ஆடையில்லாத ஒருவன் குதிரைமேல் உட்கார்ந்து கழுகுக் கேடயத்தை மிதிக்கிறான்.

"எங்க தாத்தாவுது. பஸ்ராவுக்குக் கப்பல்ல போனாரு. இதைப் பாத்துச் சொல்லுங்க தம்பி. துணியில்லாத பக்கத்தை மட்டும் நாங்க திருப்பி வெக்கிறதில்லே" என்றாள்.

"தாத்தா நிறையப் பேரைச் சுட்டாராம் ஸார். என்ன விலை போகும்?" என்றான் பேரன்.

என் நெஞ்சு அடித்துக்கொண்டது, ஏனென்றால் அது வெண்கலம். இந்தப் பதக்கம் வெள்ளியில் சுமார் அறுபத்தைந்து லட்சம் அடிக்கப்பட்டது. வெண்கலத்தில் ஏறக்குறைய ஒரு லட்சத்துப் பத்தாயிரந்தான். வெள்ளிப் பதக்கங்களில் ஒரு பெரும் பகுதி, 1980-இல் வெள்ளி விலை வானத்துக்குப் போனபோது உருக்கப்பட்டுவிட்டது. வெண்கலத்தை உருக்கி யாருக்கு என்ன லாபம்? ஆகவே இப்போது சேகரிக்கிறவர்கள் வெண்கலத்தைத் தேடி அலைகிறார்கள். நான் ஐந்நூறு ரூபாய் சொல்லியிருந்தால் அந்தப் பையன் அப்போதே கொடுத்துவிட்டுப் போயிருப்பான். ஐந்நூறு ரூபாய் என் நாக்கு நுனி வரையில் வந்ததென்பதையும் மறைப்பதற்கில்லை.

விளிம்பைப் பார்த்தேன். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் புளி போட்டுத் தேய்த்ததில் எழுத்துக்கள் மழுங்கியிருந்தன. மெல்லிய காகிதத்தைச் சுற்றிப் பென்ஸிலால் தடவினேன். எண் வந்தது, பெயர் வந்தது, பெயருக்கு முன்னால் 'கூலி' என்று வந்தது, கடைசியில் தொழிலாளர் படை.

அதனால்தான் வெண்கலம். துப்பாக்கி பிடித்தவனுக்கு வெள்ளி. மண் வெட்டியவனுக்கும் மூட்டை தூக்கியவனுக்கும் வெண்கலம். இந்தியர், சீனர், மால்ட்டாக்காரர் என்று கூலிப் படைகளுக்கென்றே அதை வார்த்தார்கள். பஸ்ராவில் கப்பல் நின்று சரக்கிறக்க ஒழுங்கான துறைகூட இல்லாமல், நம்மவர்கள் போய்த்தான் துறையும் பாதையும் ரயிலும் போட்டார்கள். அந்தச் சரக்கு இறங்காவிட்டால் வெள்ளிப் பதக்கக்காரன் எதைத் தின்று சுட்டிருப்பான்?

சொன்னேன். பையனின் முகம் சுண்டிவிட்டது. "கூலியா? அப்போ சுடவே இல்லையா?"

காஞ்சிபுரம் பக்கத்து மனிதர் ஒருவரைப் பற்றி அவனிடம் சொல்லத் தோன்றியது. மதராஸ் ஸாப்பர்ஸ் பட்டாளத்தின் சுபேதார் சுப்பிரமணியன். 1944 பிப்ரவரி 24-ஆம் தேதி இத்தாலியில் மின்யானோ என்ற இடத்தில் கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்த போது ஒரு வெடி கிளம்பிவிட்டது. கூட இருந்தவர்கள் பிழைக்கட்டும் என்று அதன்மேல் விழுந்து தம் உடம்பால் மூடினார். ஜார்ஜ் சிலுவை என்ற மிகப் பெரிய விருதை அவர் இறந்த பிறகு கொடுத்தார்கள். அன்றைக்கு அவரும் யாரையும் சுடவில்லை.

பையன் ஒன்றும் பேசவில்லை. பாட்டியம்மாள் கேட்டாள்: "அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. எங்க தாத்தா பேரு அதுல இருக்கா?"

"இருக்கிறது, அம்மா."

"காட்டுங்க."

அவளுக்கு எழுத்துத் தெரியாது. காகிதத்தில் பென்ஸில் படிந்த இடத்தை நான் ஒவ்வொரு எழுத்தாகக் காட்ட, அவள் விரலை வைத்துக்கொண்டே வந்தாள். விலையையும் உள்ளபடி சொல்லிவிட்டேன். கொடுப்பதில்லை என்று அவள் முடித்துவிட்டாள். பதக்கத்துக்குப் பதிலாக எனக்குக் கிடைத்தது அந்தக் காகிதந்தான்.

புளியை மட்டும் நிறுத்தச் சொன்னேன். நீலம், கறுப்பு, வெள்ளை, நடுவில் ஆரஞ்சு என்று அதற்கென்று ஒரு நாடா உண்டு. அந்த நாடாவைத் தேடி வாங்கிக் கொடுத்தேன். இப்போது தாத்தாவின் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. ராஜாவின் முகம் வெளியில், குதிரைக்காரன் சுவர்ப் பக்கம்.