குளிர்ந்த காலையில் உயர்ந்து நின்ற முள்



உரத்துப் பேசுகிறவரை உள்ளத்தில் உறுதியுள்ளவர் என்று நீங்கள் எண்ணியதுண்டா? நானும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தைத் திருத்தியது ஒரு காரின் டாஷ்போர்டில் இருந்த சிறிய முள்.

சில ஆண்டுகளுக்கு முன், டொரோண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் வசிக்கும் என் மகனிடம் சென்றிருந்தேன். அவன் பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டு, கார் பழுதுபார்க்கும் வேலையில் சேர்ந்தவன். "மெக்கானிக் ஆவதற்கா உன்னை வளர்த்தேன்?" என்று அன்று தொலைபேசியில் கத்தினேன். அதன்பின் நான்கு ஆண்டுகள் எங்களுக்குள் நலம் விசாரிப்பதற்கு மேல் பேச்சில்லை.

அவனிடம் 1990ஆம் ஆண்டின் மாஸ்டா மியாட்டா ஒன்று இருந்தது. இரண்டே இருக்கைகள் கொண்ட, கூரையை மடக்கக்கூடிய சிறிய ஸ்போர்ட்ஸ் கார். நவம்பர் மாதக் கடைசி. சாலைகளில் உப்புத் தூவத் தொடங்குமுன், அந்த ஆண்டின் இறுதி ஓட்டத்திற்கு என்னையும் அழைத்தான். வெளியே மைனஸ் 6 டிகிரி.

அவன் சாவியைத் திருப்பியதும் ஆயில் பிரஷர் முள் விரைந்து உயர்ந்து, மேலேயே நின்றுவிட்டது.

"பழைய வண்டியானாலும் நல்ல பலம் இருக்கிறது" என்றேன். "ஆக்ஸிலரேட்டரை மிதி, சீக்கிரம் சூடாகட்டும்."

அவன் மிதிக்கவில்லை. "இல்லை அப்பா. முள் உயர்ந்திருப்பதால் ஆயில் நன்றாக ஓடுகிறது என்று ஆகாது" என்றான்.

பிறகு பொறுமையாக விளக்கினான். ஆயில் பம்ப் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே அளவு ஆயிலைத்தான் தள்ளும். குளிரில் ஆயில் கெட்டியாகிவிடுகிறது. சூடான எஞ்சினில் இருப்பதைவிடப் பல பத்து மடங்கு கெட்டி. குறுகிய வழிகளில் அது எளிதில் நுழையாது. அந்த எதிர்ப்புதான் முள்ளில் அழுத்தமாகத் தெரிகிறது. அப்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அழுத்தம் எல்லையைத் தொடும். ரிலீஃப் வால்வு திறந்து, மிகுதியான ஆயிலைப் பம்புக்கே திருப்பி அனுப்பிவிடும். எஞ்சின் வேகமாகச் சுழலும். ஆனால் அந்த வேகத்திற்கு வேண்டிய ஆயில் பேரிங்குகளுக்குப் போய்ச் சேராது. கெட்டி ஆயில் ஃபில்டரின் பைபாஸ் வால்வையும் திறந்துவிடலாம்; அப்போது ஆயில் வடிகட்டப்படாமலே உள்ளே போகும்.

"அப்படியானால் நின்ற இடத்திலேயே சூடாக விடலாமே?" என்றேன்.

"நெடுநேரம் அப்படி விட்டால் பெட்ரோல் கசிந்து ஆயிலில் கலக்கும். அரை நிமிடம் பொறுத்து, மெதுவாக ஓட்டத் தொடங்க வேண்டும். 3,000 சுற்றைத் தாண்டக்கூடாது. தண்ணீர் முள் ஐந்து நிமிடத்தில் நடுவுக்கு வந்துவிடும். ஆயில் சூடாவதற்கு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு நேரம் ஆகும்."

முன்பு வண்டியை வைத்திருந்தவர் 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றியிருந்தாராம். தான் 5டபிள்யூ-30 மாற்றிய பிறகு முள் சீக்கிரம் இறங்குகிறது என்றான். முதல் எண் குறைவாக இருந்தால் குளிரில் எளிதாக ஓடும். "நன்றாகச் சூடான பிறகும் முள் இறங்காவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். ரிலீஃப் வால்வு சிக்கியிருக்கலாம்; ஆயில் தவறானதாக இருக்கலாம்."

இன்னொன்றும் சொன்னான். 1995ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து இதே காரில் அந்த முள் உண்மையான அளவைக் காட்டுவதில்லையாம். குறைந்தபட்ச அழுத்தம் இருந்தால் போதும், எப்போதும் நடுவிலேயே நிற்குமாம். "பார்ப்பதற்கு நிம்மதியாக இருக்கும். உள்ளே நடப்பது தெரியாது. எனக்கு இந்தப் பழைய முள்தான் பிடிக்கும் அப்பா."

கிங்ஸ்டன் சாலை வழியாக, ஏரியை நோக்கி மெதுவாகச் சென்றோம். இருபது நிமிடங்களில் முள் இறங்கி, எஞ்சினின் வேகத்திற்கேற்ப ஏறவும் இறங்கவும் தொடங்கியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு ஆண்டுகளாக நலம் விசாரிப்போடு நிறுத்திக்கொண்ட எங்கள் பேச்சு, நடுவில் நின்ற முள்ளாகவே இருந்தது. அதற்கு முன்பு நான் கத்தியதோ, என் சொல்லில் ஒன்றும் அவன் உள்ளத்திற்குப் போய்ச் சேராத அழுத்தம்.

"அன்று நான் கேட்டது தவறு" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. ஹீட்டரின் காற்று என் பக்கம் வரும்படி திருப்பிவைத்தான். திரும்பி வரும் வழியெல்லாம் தன் வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் ஒருவர் குளிர்ந்து இறுகியிருக்கலாம். நீங்கள் ஒன்று சொன்னால் அவர் உரத்துப் பதில் சொல்லலாம். அந்த நேரத்தில் நீங்களும் குரலை உயர்த்தாதீர்கள். பேசாமல் ஒதுங்கியும் இருந்துவிடாதீர்கள். சற்றுப் பொறுத்து, அவரோடு மெதுவாகச் சிறிது தூரம் செல்லுங்கள். வெகுநாள் கழிந்தும் இறுக்கம் தளராவிட்டால், எங்கே அடைத்திருக்கிறது என்று அன்போடு தேடிப்பாருங்கள். அந்த அடைப்பு, என்னுடையதைப்போல், நீங்கள் என்றோ சொன்ன ஒரு சொல்லாகவும் இருக்கலாம்.