சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவர்

உடப்புசல்லாவையில் மழை விடாத ஓர் இரவில், எலியோ பெத்ரி இயக்கி 1970இல் வெளிவந்த 'சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட ஒரு குடிமகன் மீதான விசாரணை' என்ற இத்தாலியப் படத்தை மீண்டும் பார்த்தேன். சிறந்த பிறமொழிப் படத்துக்கான ஒஸ்கார் விருது பெற்ற படம் இது. ரோமில் கொலை விசாரணைப் பிரிவின் தலைவராக இருந்தவர், தம் காதலியைக் கொன்றுவிட்டு வேண்டுமென்றே தடயங்களை விட்டுச் செல்கிறார். தம்மைக் கைதுசெய்ய எவருக்கேனும் துணிவு உண்டா என்று பார்ப்பதே அவரது நோக்கம்.

படத்தின் வலிமை ஒரு காட்சியில் திரண்டிருக்கிறது. குழாய் திருத்தும் தொழிலாளி ஒருவரிடம் வீதியில் தாமே குற்றத்தை ஒப்புக்கொண்டு, பொலிஸில் போய்ச் சொல்லுமாறு அனுப்புகிறார். அங்கே அதே மனிதரை மேலதிகாரியாகக் கண்டதும் தொழிலாளிக்கு நா எழவில்லை. பெரிய துரையின் முன் தலைப்பாகையைக் கழற்றிக் கைகட்டி நின்றவர்களின் பேரப்பிள்ளைகளாகிய எங்களுக்கு அந்த மௌனம் நன்கு விளங்கும்.

குறையும் பெரிது. கொலையுண்ட பெண் கொலைகாரரின் நினைவில் மட்டுமே வாழ்கிறார். அவருக்கென ஒரு வாழ்க்கையைப் படம் தரவில்லை. ஆனால் குறைகூற எனக்கு வாய் கூசுகிறது. குற்றச் செய்திகளில் அதிகாரியின் பதவியை ஓர் எழுத்தும் விடாமல் எழுதியவன் நான். இறந்த பெண்ணுக்கு வயதும் தோட்டத்தின் பெயருமே கொடுத்தேன்.