கரையிலேயே விட்டுவிட வேண்டியவை

செல்வந்தர்களின் உல்லாசப் படகுகளில் வேலை கிடைத்துப் போகும் பிள்ளைகள் இப்போது நம் பக்கமும் இருக்கிறார்கள். சரக்குக் கப்பலில் பல காலம் இருந்துவிட்டு, கடைசி ஆண்டுகளை மத்தியதரைக் கடல் யாட்டுகளில் மின்கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் கழித்தவன் நான். புறப்படும் முன் சொல்லிக்கொள்ள வரும் பிள்ளைகளிடம் சம்பளத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டேன். பிறத்தியார் பொருள் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது எப்படி நடந்துகொள்வது என்பதைத்தான் சொல்வேன். அந்தப் பொருளால் யாருக்கும் கெட்ட பெயர் வரக் கூடாது, யார் உயிரும் போகக் கூடாது. பூட்டும் சாவியும் அதற்குப் பிறகுதான்.

பிரான்சின் ஆன்டீப் துறைமுகத்தில் யாட்டுகளின் பின்புறத்தைக் கரைப்பக்கம் திருப்பி வரிசையாக நிறுத்துவார்கள். நடைபலகையில் நாலு எட்டு வைத்தால் டெக். கண்ணாடிக் கதவைத் தள்ளினால் கூடம். மாலையில் வேடிக்கை பார்க்க வருபவர்கள் கரையோடு நடப்பார்கள்; மேசைமேல் கழற்றி வைத்த கைக்கடிகாரமும் திறந்து கிடக்கும் லேப்டாப் திரையும் அவர்கள் கண்ணில் படும். ஆகவே நடைபலகைக் காவலில் நிற்பவர்தான் முதல் பூட்டு. பூக்காரரோ ஏசி மெக்கானிக்கோ, யார் ஏறினாலும் பெயரையும் நேரத்தையும் எழுதி, இறங்கும்வரை கூடவே ஒருவர் இருக்க வேண்டும். சிரித்த முகத்தோடு செய்தால் யாருக்கும் மனம் நோகாது.

ஓட்டல் அறையில் இருப்பது போன்ற சின்னப் பெட்டகத்தை அலமாரிப் பலகையில் நாலு ஸ்க்ரூ போட்டு மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். பெட்டகத்தோடு பெயர்த்துக்கொண்டு போக ஒரே ஆள் போதும். அதைப் படகின் உலோகச் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். அடுத்த எதிரி உப்புக் காற்று. எண் பூட்டின் பேட்டரி முனையில் பச்சை பூத்துவிட்டால் அவசரத்துக்குத் திறக்காது. சீசன் தொடங்கும்போதே பேட்டரியை மாற்றித் துடைத்து வையுங்கள். தீ தாங்கும் பெட்டிகள் பலவற்றின் சுவருக்குள் ஈரம் பிடித்துவைக்கும் பொருள் இருக்கும். சூட்டில் அது ஆவியாகி உள்ளே இருப்பதைக் காக்கும். சும்மா இருக்கும் நாளில் அதே ஈரம் காகிதத்தில் பூஞ்சை ஏற்றும். பதிவுச் சான்று, காப்பீட்டுப் பத்திரம் எல்லாவற்றையும் சிலிக்கா ஜெல் போட்ட உறைக்குள் வைப்பதே நல்லது.

ஒருமுறை விருந்தாளி அம்மாள் ஒருவரின் வைரக் கம்மல் காணாமல் போனது. அந்த கேபினைச் சுத்தம் செய்தவள் ஒரு பிலிப்பைன்ஸ் பெண். விருந்தினர் அறைக் குப்பையையும் வாக்குவம் கிளீனர் பையையும் அன்றே கரைக்கு அனுப்பாமல் ஒரு நாள் கட்டிவைப்பது அவள் வழக்கம். டெக்கில் வெள்ளைத் துண்டை விரித்து, தூசியைக் கொட்டி, மண்டியிட்டு விரலால் அளைந்தாள். முடியும் பஞ்சும் சுருண்ட உருண்டை ஒன்றைப் பிரித்தபோது கம்மல் மின்னியது. ஆனால் அதற்கு முந்தைய அரைமணி நேரம் அங்கிருந்தவர்கள் அவளைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியவில்லை. கூலிக்கு நிற்பவர்மேல்தான் சந்தேகம் முதலில் விழும். பெட்டகத்தில் வைக்க நகையை வாங்கும்போதும் திருப்பித் தரும்போதும் இரண்டு பேர் இருந்து, படம் எடுத்து, நோட்டில் கையெழுத்து வாங்குங்கள் என்று நான் வற்புறுத்துவது அவளைப் போன்றவர்களுக்காகத்தான்.

இனி கண்ணுக்குத் தெரியாத சொத்து. விருந்தினர் வைஃபை, ஊழியர் வைஃபை, படகை ஓட்டும் கருவிகளின் இணைப்பு, மூன்றும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே இருக்க வேண்டும். யாரோ கொடுத்த பென் டிரைவை வரைபடக் கணினியில் செருகவே கூடாது. கப்பல்களின் பாதுகாப்பு ஏற்பாட்டில் சைபர் ஆபத்தையும் சேர்க்கும்படி சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2017-ல் தீர்மானம் போட்டது. 2021 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு மட்டும் ஓடும் யாட்டுகள் பெரும்பாலும் அந்த விதிக்குள் வருவதில்லை. அங்கே விதி நீங்கள்தான்.

ஏன் இவ்வளவு கவலை என்றால், 2013-ல் நடந்ததைக் கேளுங்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் டாட் ஹம்ஃப்ரீஸ் குழுவினர் மொனாக்கோவிலிருந்து ரோட்ஸ் தீவுக்குப் போன 65 மீட்டர் யாட் ஒன்றில், கேப்டனின் சம்மதத்தோடு, ஒரு சோதனை செய்தார்கள். கைப்பெட்டி அளவுள்ள கருவியிலிருந்து பொய்யான ஜிபிஎஸ் அலைகளை மெல்ல மெல்ல வலுவாக்கினார்கள். படகு பாதை விலகியதாகத் திரை காட்டியது, ஓட்டியவர்கள் திருத்தினார்கள், அந்தத் திருத்தமே படகை உண்மையான பாதையிலிருந்து விலக்கியது. ஓர் அலாரம்கூட ஒலிக்கவில்லை. அதனால் திரையோடு நிற்காமல் ரேடாரையும் கண்ணெதிரே தெரியும் கரையையும் பாருங்கள். இருக்கும் இடத்தை நீங்களே காட்டிக்கொடுக்கவும் கூடாது: முதலாளி எங்கே இருக்கிறார் என்று ஊருக்குச் சொல்லும் செல்ஃபியை அன்றே போடாதீர்கள். சீசன் முடிந்து வீட்டுக்கு வந்து போட்டால் போதும்.

இனி உயிரைப் பற்றி. நியூசிலாந்தின் பீட்டர் பிளேக் அமெரிக்கா கோப்பையை வென்ற மாபெரும் பாய்மர வீரர். 2001 டிசம்பரில் அமேசான் முகத்துவாரத்தில், மகாப்பா நகருக்கருகே அவர் படகு நங்கூரமிட்டிருந்தபோது முகமூடிக் கொள்ளையர் ஏறினார்கள். அவர் துப்பாக்கியோடு எதிர்த்தார், சுட்டுக் கொல்லப்பட்டார். கொள்ளை போனவை ஒரு படகு மோட்டாரும் சில கைக்கடிகாரங்களும். தன் ஆட்களைக் காக்கத்தான் அவர் எழுந்தார், அந்த வீரத்தைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனாலும் அந்தக் கடிகாரங்களை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு கனக்கிறது. ஆயுதத்தோடு வருபவன் கேட்டால் பெட்டகத்தைத் திறந்து கொடுத்துவிடுங்கள். விலை மதிப்பில்லாதது என்று எதையாவது முதலாளி நினைத்தால், அது கரையில் வங்கி லாக்கரில் இருக்கட்டும் என்று முன்கூட்டியே பணிவாகச் சொல்லிப் பாருங்கள். தரவுக்கும் இதுவே வழி: நகல் ஒன்று கரையில் பத்திரமாக இருந்தால், படகில் இருப்பதைக் கைவிடத் துணிவு வரும்.

2024 ஆகஸ்ட் 19 விடியற்காலையில் சிசிலியின் போர்ட்டிசெல்லோவுக்கு அருகே பேசியன் என்ற 56 மீட்டர் யாட் புயலில் சிக்கி, சுமார் 50 மீட்டர் ஆழத்தில் மூழ்கியது. இருந்த 22 பேரில் ஏழு பேர் இறந்தார்கள். பிரிட்டன் மென்பொருள் தொழிலதிபர் மைக் லின்ச் அவர்களில் ஒருவர். அடியில் கிடந்த பெட்டகங்களில் ரகசியத் தரவுகள் இருக்கலாம், யாராவது திருடலாம் என்று அந்த இடத்துக்குக் காவல் கேட்கப்பட்டதாகப் பிறகு செய்தி வந்தது. அப்படிப்பட்ட இரவில் பெட்டக எண்ணை நினைவுபடுத்திக்கொள்ள நேரம் இருக்காது. பாஸ்போர்ட்டுகளைத் தண்ணீர் புகாத பையில் போட்டு, கையடக்க விஎச்எஃப் ரேடியோ, டார்ச் இவற்றோடு வெளியேறும் வழியில் மாட்டிவையுங்கள். எல்லாருடைய பாஸ்போர்ட் நகலும் வீட்டில் நம்பகமான ஒருவரிடம் இருக்கட்டும். படகை விட்டு இறங்கும் உத்தரவு வந்த பிறகு முதலாளி லேப்டாப்பை எடுக்கத் திரும்பி ஓடினால், கையைப் பிடித்து வெளியே இழுங்கள். அதற்காக வேலை போனால் நேரே என் வீட்டுக்கு வாருங்கள், அடுத்த வேலைக்கு நான் ஏற்பாடு செய்கிறேன்.